என் வீட்டுக்காரரு பேரு ‘முன்பு’

...தள்ளுங்க அந்த விளம்பரத்த. தள்ளிவிடுங்கக்கா, சீக்கிரம். என்னது, இன்னும் அஞ்சு செகண்டு ஆகணுமா? அப்ப போனைக் கவுத்து மடியில வச்சிருங்க. சத்தம் வரட்டும், பரவாயில்ல. அந்த மூஞ்சி மட்டும் வேணாம், அதைத்தான் நான் வீட்டுலயே பாக்குறேனே.

இல்லக்கா, கோவமெல்லாம் இல்ல. தலைய ஆட்டாதீங்க, டை நெத்தியில வழிஞ்சா ரெண்டு நாளைக்குப் போகாது. இந்தா, காதோரம் கொஞ்சம் வாசலைன் தடவிடுறேன். அக்கான்னு கூப்பிடலாமில்ல? சில பேருக்குப் புடிக்கறதில்ல, ‘நான் என்ன உனக்கு அக்காவா’ன்னு கண்ணாடியிலயே மொறைப்பாங்க. தலை நரைக்காதவங்களா இங்க வர்றாங்க?

இப்ப வந்துச்சு பாருங்க, ஒரு வழுக்கைத்தலை. வெயிலுக்குக் கண்ண இடுக்கின ஒரு மூஞ்சி, நெத்திக்கு நேரா ‘முன்பு’ன்னு எழுத்து. அது யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க வீட்டுக்காரரு. நான் தாலி கட்டிக்கிட்ட மனுஷன்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க. ஆனா தோளு குலுங்காம சிரிங்க, பிரஷ்ஷு கோணுது.

எனக்கு இந்த ஓசி வீடியோ மேலயே ஒரு சந்தேகம் எப்பவும் உண்டுக்கா. ஓசியில குடுக்கறவன் எதையாவது ஒண்ண நம்மகிட்டேருந்து எடுத்துக்காம குடுப்பானா? போன வாரம் எதிர்வீட்டம்மாகிட்ட, பரண் மேல ஏற ஒரு ஏணி இருந்தா நல்லா இருக்கும்னு வாய்வார்த்தையா சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள்லேருந்து எனக்கு ஏணியா வருது. மடக்கற ஏணி, நீட்டற ஏணி, சக்கரம் வச்ச ஏணி. அடுப்புல சட்டி காய்ஞ்சிட்டிருக்கும், அடுத்து என்ன போடணும்னு வீடியோவப் பாத்தா ஒருத்தன் ஏணி மேல நின்னுக்கிட்டு சிரிக்கறான். எதிர்வீட்டுக் கொழந்தைக்கு ஒண்ணேகால் வயசு. அம்மான்னு கூப்பிட இன்னும் வாய் வரல. ஆனா விளம்பரம் வந்தா எங்க அழுத்தித் தள்ளணும்னு அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியுது. என்னத்தச் சொல்ல.

எங்க விட்டேன்... ஆங், வீட்டுக்காரரு.

அவரு லிஃப்ட் மெக்கானிக்கு. இருவது வருஷமா அதே வேலைதான். அமைதியான மனுஷன். லிஃப்டு நடுவுல நின்னு போச்சுன்னா உள்ள மாட்டினவங்க கத்துவாங்க, கதவை இடிப்பாங்க, இவரு வெளியில நின்னுக்கிட்டு ‘பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்’னு ஒரே தரம் சொல்லுவாரு, உள்ள சத்தம் அடங்கிரும். அப்படி ஒரு குரலு. தலையில முடி இல்லியே தவிர மத்தபடி குறை சொல்ல முடியாது. முடியும் நான் கட்டிக்கறப்ப இருந்துச்சு. வாக்கப்பட்டு மூணே வருஷத்துல வெளுத்த வானமாயிருச்சு. என்னாலதான்னு என் ஓரகத்தி சொல்லுவா, அவ கெடக்கா.

நாலு மாசம் இருக்கும். சாப்புட்டுட்டு போன்ல ஏதோ பழைய மல்யுத்தம் பாத்துக்கிட்டிருந்தாரு. நான் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன். திடீர்னு மல்யுத்தச் சத்தம் நின்னுருச்சு. எட்டிப் பாக்கறேன், மனுஷன் போனைக் கையில வச்சுக்கிட்டு செலையா ஒக்காந்திருக்காரு. போனுக்குள்ள அவரு மூஞ்சி. நெத்தியில ‘முன்பு’. அப்புறம் இந்தப் பக்கத்துலேருந்து ஒரு வெள்ளைக் கோடு மெதுவா நகந்து வருது, டிங்குன்னு ஒரு சத்தம், கோடு தாண்டின எடமெல்லாம் கருகருன்னு முடி. அதே மூக்கு, அதே காது. மேல ‘பின்பு’ன்னு எழுத்து. கடைசியில ஒரு எண்ணெய் பாட்டில் சுத்திக்கிட்டே வந்து நிக்குது. ‘மூன்றே மாதத்தில்’னு ஒரு பொம்பளக் குரலு தேனா இழையுது.

நீங்களாயிருந்தா என்ன பண்ணுவீங்க? கத்துவீங்க. இவரு கத்தல. மறுபடி வருமான்னு அடுத்த வீடியோவப் போட்டாரு. வந்துச்சு. அதுக்கடுத்தது போட்டாரு. அதுலயும் வந்துச்சு. அப்புறந்தான் என்னப் பாத்து, இது யாருன்னு கேட்டாரு. யாரோ உங்க மாதிரி இருக்காங்கன்னேன். உலகத்துல ஒருத்தர மாதிரி ஏழு பேரு உண்டும்பாங்கல்ல. அவரு போனைக் கவுத்து வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டாரு.

ஆனா அந்தப் ‘பின்பு’ யாருங்கறதுதான் விஷயமே.

கொஞ்சம் குனியுங்க, பின்கழுத்துல போட்டுடறேன். இந்த எடத்துலதான் நரை ஒளிஞ்சுக்கும், கள்ளன் மாதிரி.

அது என் கொழுந்தன்க்கா. இவரோட கூடப்பொறந்த தம்பி. பள்ளிக்கூடத்துல விளையாட்டு வாத்தியாரு. ஒரே வீடு, கீழ நாங்க, மேல அவங்க, ஒத்த மாடிப்படி. அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருஷமாச்சு அப்போ. ஆறு வருஷம் ஒரே படியில ஏறி எறங்கிக்கிட்டு, ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காம இருக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. அதுக்குப் பயிற்சி வேணும். மேல செருப்புச் சத்தம் கேட்டா இவரு வாசப்படியில குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட ஆரம்பிச்சிருவாரு. அவரு ஷூவுக்கு லேஸே கெடையாது. அஞ்சு நிமிஷம் கட்டுவாரு. மோட்டாரை நிறுத்தச் சொல்லணும்னா, ‘தொட்டி வழியுதுன்னு யாராவது சொன்னாத் தேவல’ன்னு சுவத்தப் பாத்துச் சொல்லுவாங்க. சுவருக்கு மட்டும் வாயிருந்தா எங்க குடும்பக் கதை ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.

எதுக்கு சண்டைன்னு கேக்கறீங்களா? சொன்னா வெக்கக்கேடு. சொத்தா, பத்தா, ஒரு மண்ணுமில்ல. கொழுந்தனுக்கு நல்ல வாத்தியார்னு பள்ளிக்கூடத்துல ஒரு கேடயம் குடுத்தாங்க. குடும்பத்தோட போயிருந்தோம். இவருக்குத்தான் தலைகால் புரியல. தம்பிக்காகப் புதுச் சட்டையெல்லாம் எடுத்துப் போட்டுக்கிட்டு, பக்கத்துல ஒக்காந்திருந்தவங்ககிட்டல்லாம் ‘என் தம்பி, என் தம்பி’ன்னு சொல்லிக்கிட்டு. முடிஞ்சதும் மைதானத்துல நிக்க வச்சு ஃபோட்டோ. உச்சி வெயிலு. கொழுந்தன் அண்ணன் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நின்னாரு. மொதல்ல ஒண்ணு எடுத்தாச்சு. ரெண்டாவது எடுக்கறப்ப அவரு, வாய் சும்மா இருக்கா, ‘அண்ணா, நீ கொஞ்சம் பின்னால போய் நில்லு, உன் தலையில வெயில் பட்டு கேமராவுக்குக் கண்ணு கூசுது’ன்னுட்டாரு. பசங்க சிரிச்சிட்டாங்க. வாத்தியாருங்க சிரிச்சிட்டாங்க. நானும் சிரிச்சேன், பொய் சொல்லுவானேன், சிரிப்பு வந்துச்சு. இவரு அந்த எடத்த விட்டு நடந்தாரு. பஸ்ஸு ஏறி வீட்டுக்கு வந்துட்டாரு. வந்து அந்தப் புதுச் சட்டைய மடிச்சு அலமாரியில வச்சாரு, அதுக்கப்புறம் அதப் போடவே இல்ல.

வேடிக்கையா சொன்ன வார்த்தைதான். ஆனா வேடிக்கைங்கறது சொல்றவனுக்கு, வாங்கறவனுக்கு அது வேற.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வழுக்கைய வச்சு சண்டை போட்டுப் பிரிஞ்ச அண்ணன் தம்பிய, முன்பு பின்புன்னு ஒட்ட வச்சு ஊர் பூராப் போட்டுக் காட்டினா எப்படி இருக்கும்? கிணறு வெட்ட பூதம் கெளம்பின கதைதான்.

மொதல்ல மாட்டினது இவருதான். பெரிய அடுக்குமாடி ஒண்ணுல, ஒம்போதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவுல லிஃப்டு நின்னு போச்சு. உள்ள மூணு பேரு. இவரு சாவியப் போட்டுக் கதவத் தொறந்து ஒவ்வொருத்தரா கையப் புடிச்சு ஏத்தி விடறாரு. ஒரு பெரிய மனுஷி, வேர்த்து விறுவிறுத்து மேல வந்தவங்க, நன்றின்னு ஒரு வார்த்த சொல்லல. இவரு மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, ‘எண்ணெய நிறுத்திட்டீங்களா தம்பி?’ன்னு கேட்டிருக்காங்க.

புரியுதா? ஊருல எல்லாருக்கும் இவரு முடி மொளைச்ச மனுஷன். நேர்ல பாத்தா முடி இல்ல. அப்ப என்ன அர்த்தம்? மொளைச்சு மறுபடி கொட்டிருச்சு. பாவப்பட்டாங்களாம்க்கா. போற எடமெல்லாம் பரிதாபம். தொடர்ந்து தேய்க்கணும், பாதியில விடக்கூடாதுன்னு புத்திமதி. கூட வேலை செய்யறவங்க பேரையே மாத்திட்டாங்க. ‘முன்பு வந்தாச்சா?’, ‘முன்பு, ஏழாவது மாடிக்குப் போ.’ தொப்பி போட்டுப் பாத்தாரு. தொப்பி போட்டா ‘உள்ள மொளைக்குதா?’ங்கறாங்க. ஊர் வாய மூட ஒலமூடி எங்க விக்குது?

மேல் வீட்டுல கதை இன்னும் மோசம். பசங்க இருக்காங்களே, பள்ளிக்கூடத்துப் பசங்க, அதுங்க லேசுப்பட்டதுங்களா? ‘பின்பு சார்’னு பேரு வச்சாச்சு. வரிசையில நிக்கறப்ப பின்னாலேருந்து ஒருத்தன் முடியப் புடிச்சு இழுத்துப் பாத்திருக்கான், ஒட்டு முடியான்னு. அதோட விட்டுச்சா? பெத்தவங்க ரெண்டு மூணு பேரு போய்த் தலைமையாசிரியைகிட்ட புகார் குடுத்துட்டாங்க. வாத்தியாரு பொய் விளம்பரத்துல நடிக்கலாமா, பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுப்பாருன்னு. பள்ளிக்கூடத்துல வேலை பாத்துக்கிட்டு வெளி வேலை பண்ணக்கூடாதுன்னு விதி வேற இருக்காம். ஏழு நாளைக்குள்ள விளக்கம் குடுக்கணும், இல்லேன்னா வேலைய விட்டு நிறுத்திருவோம்னு கடுதாசி வந்துருச்சு.

என் ஓரகத்தி மேல அழற சத்தம் கீழ கேட்டுச்சுக்கா. அவளும் நானும் எலியும் பூனையுந்தான். ஆனா அந்த அழுகையக் கேட்டதும் கையில இருந்த கரண்டிய வச்சுட்டேன். ரெண்டு நாளு சோறு எறங்கல. ஏன்னு கேக்காதீங்க. குடும்பம்னா மனசு அடிச்சுக்காதா?

இருங்க, கை மாத்திக்கறேன், இந்தக் கையுறை ஓட்டை போல. விரலெல்லாம் கறுப்பு.

அஞ்சாவது நாளு ஞாயித்துக்கெழம. காலையில கதவு தட்டற சத்தம். தொறந்தா கொழுந்தன். ஆறு வருஷத்துக்கப்புறம் எங்க வாசப்படியில. கையில அந்தக் கடுதாசி. ‘அண்ணி, அண்ணன் இருக்காரா?’ன்னாரு. இருக்காரான்னு என்ன கேள்வி, வாசல்லேருந்து மூணடி தூரத்துலதான் இருக்காரு. தரையில பேப்பர விரிச்சு, ஒரு லிஃப்டு பட்டன் பலகையக் கழட்டிப் போட்டு, நம்பர் பட்டனுங்களத் தொடச்சு வரிசையா வச்சுக்கிட்டிருக்காரு. தலைய நிமித்தல.

கொழுந்தன் நின்னுக்கிட்டே கடுதாசியப் படிச்சாரு. நான் நடிக்கல, நம்ம ரெண்டு பேரு ஃபோட்டோவ எவனோ எடுத்துப் போட்டிருக்கான்னு நேர்ல நின்னு காட்டினாத்தான் நம்புவாங்க, நான் மட்டும் போனா பிரயோசனமில்லன்னாரு. வான்னு கூப்பிடல, அதுக்கு வாய் வரல. படிச்சு முடிச்சு மடிச்சு சட்டப்பையில வச்சுக்கிட்டு நின்னாரு. இவரு அஞ்ச எடுத்து ஆறுக்குப் பக்கத்துல வச்சாரு. ஏழத் தேடினாரு. இப்ப ‘போடா’ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா அதுக்கப்புறம் இந்த ஜென்மத்துல இல்ல.

கடைசியில, தலைய நிமித்தாமலே கேட்டாரு: “பள்ளிக்கூடம் எத்தன மணிக்குத் தொறப்பாங்க?”

அவ்வளவுதான். நான் அடுப்படிக்குள்ள போயிட்டேன். வெங்காயமே நறுக்காம கண்ணுல தண்ணி.

மறுநாளு இந்தக் கடையப் பூட்டிட்டு நானும் போனேன். எதுக்குன்னா, இவங்க ரெண்டு பேரையும் தனியா விட்டா வழியிலயே மறுபடி சண்டை வந்துருமோன்னு. தலைமையாசிரியை கண்ணாடியக் கழட்டிப் பாத்தாங்க, மாட்டிப் பாத்தாங்க. பக்கத்துப் பக்கத்துல நிக்கச் சொன்னாங்க. நின்னாங்க. இவரு எடப்பக்கம், அவரு வலப்பக்கம். பாத்தா அந்த விளம்பரமே எந்திரிச்சு வந்து நிக்கற மாதிரி இருக்கு. அந்தம்மாவுக்கு ஒதடு துடிக்குது, அடக்கிக்கிட்டாங்க, பெரிய பதவியில இருக்கறவங்கல்ல. சரி, ஒரு தரம் ஒப்பிட்டுப் பாத்துடறேன்னு மேசை மேல இருந்த கம்ப்யூட்டர்ல அந்த எண்ணெய்க்காரன் போட்டிருந்த வீடியோவத் தேடி அழுத்தினாங்க. அதுக்கு முன்னால ஒரு விளம்பரம் வந்துச்சு. தரை தொடைக்கற திரவம். விளம்பரத்தப் பாக்கறதுக்கு ஒரு விளம்பரம்க்கா. தள்ளிவிடவும் முடியல. நாலு பேரும் கைய கட்டிக்கிட்டு, யாரோ ஒருத்தி வீட்டுத் தரை பளபளக்கறத முழுசாப் பாத்தோம்.

அப்புறம் இவரு மூஞ்சி வந்துச்சு. போன்ல பாத்தது கட்டவிரல் அளவு. இது பெரிய திரை. அந்தம்மாதான் மொதல்ல பாத்தாங்க. ‘உங்க தோள் மேல ஒரு கை இருக்கே, அது யாரு கை?’ன்னாங்க. பாத்தா நெசந்தான். அண்ணன் பாதிய வெட்டி எடுத்தவங்க, தோள்ல கெடந்த கைய வெட்டாம விட்டிருக்காங்க. நாலு விரலு தெரியுது. இவரு கிட்டக்க போய்க் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

“இவன் கைதான்மா,”ன்னாரு. “சுண்டுவிரல் கோணலா இருக்கு பாருங்க. இவனுக்கு நாலு வயசுல கதவ சாத்தறப்ப நான்தான் நசுக்கிட்டேன்.”

கொழுந்தன் அந்தக் கையத் தூக்கிக் காட்டினாரு. அதே கோணல். பழைய ஃபோட்டோவ வெட்டிப் போட்டதுதான்னு தெரிஞ்சு போச்சு, வேற அத்தாட்சி என்னத்துக்கு? அந்தம்மா கடுதாசியத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்கன்னாங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. ஆறு வருஷமா இல்லாத சொந்தத்த ஆபீஸ் முத்திரை குத்தி வாங்கிக்கிட்டு வந்தோம்.

திரும்பறப்ப பஸ்ல அவங்க ரெண்டு பேரும் ஒரு சீட்டு, நான் பின்சீட்டு. மூணு ஸ்டாப்பு தாண்டிருச்சு. அப்புறம் கொழுந்தன் சன்னமா, ‘அண்ணா, நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது’ன்னாரு. இவரு சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே, ‘கண்ணு கூசினது நெசந்தானே’ன்னாரு. முடிஞ்சு போச்சு. இந்த ரெண்டு வரியப் பேச ஆறு வருஷம். ஆம்பளைங்கள என்ன பண்றதுக்கா.

ம்... போட்டு முடிச்சாச்சு. இந்தத் தொப்பிய மாட்டிக்கங்க. அரைமணி நேரம் ஊறணும். நல்லா சாஞ்சு ஒக்காருங்க, எங்க போகப் போறீங்க இந்தத் தலையோட.

சுபமா முடிஞ்சிருச்சேங்கறீங்களா? அங்கதான் எனக்கு சனி புடிச்சுச்சு. சேந்தவங்க சும்மா இருக்காங்களா? ரெண்டு பேருக்கும் இப்ப ஒரே எதிரி. ‘நம்ம ஃபோட்டோவ அனுப்பினது எவன்?’ கடைக்கு வந்தவங்க போனதும் தெனமும் சாயந்தரம் ரெண்டு பேரும் இங்க வந்து ஒக்காந்துருவாங்க. நீங்க ஒக்காந்திருக்கற நாற்காலியில இவரு, அந்தக் கிழிஞ்ச நாற்காலியில அவரு. சுத்தற நாற்காலியா, பேசிக்கிட்டே இப்படி அப்படி ஆட்டிக்கிட்டு. முன்பும் பின்பும் ஒரே கண்ணாடியில. பள்ளிக்கூடத்து ஃபோட்டோக்காரனா இருக்குமோ, ஓரகத்தியோட அண்ணனா இருக்குமோ, எதிர்த்தாப்ல கண்ணாடி வச்ச பார்லர் போட்டிருக்கானே, ஆறு நாற்காலி, குளிர் மிஷினு, பெயர்ப்பலகையில லைட்டு ஓடும், அவனா இருக்குமோ. நானும் பக்கத்துல நின்னு, ஆமா ஆமா, அவன் மூஞ்சியே சரியில்லன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்.

என்ன அப்படிப் பாக்கறீங்க?

...

நல்ல கண்ணுக்கா உங்களுக்கு. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அது இல்ல, தப்பிச்சேன்.

ஆமா, நான்தான். வேற யாரு? அன்னைக்கு மைதானத்துல ஃபோட்டோ எடுத்தது யாருன்னு ரெண்டு பேருக்கும் இன்னும் நெனப்பு வரல. சிரிச்சது யாருன்னுதான் நெனப்பிருக்கு.

எதிர்க்கடை தொறந்ததுலேருந்து இங்க ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். தெனம் வந்தவங்க, எதிர்ல இருக்கற அந்தக் கண்ணாடிக்குள்ள ஒக்காந்துக்கிட்டு என்னப் பாத்துக் கையாட்டுவாங்க. அப்பத்தான் எண்ணெய்க் கம்பெனிக்காரப் பொண்ணு ஒண்ணு வந்துச்சு. எங்க எண்ணெயத் தேய்ச்சு முடி வளந்தவங்க முன்னால எடுத்த ஃபோட்டோ, பின்னால எடுத்த ஃபோட்டோ குடுங்கக்கா, வீடியோவுல ஓடற எங்க விளம்பரத்துல கீழ ஓரமா உங்க பார்லர் பேரைப் போடறோம், ஊரே பாக்கும்னுச்சு. அந்த எண்ணெயத் தேய்ச்சு யாருக்கு வளந்துச்சு? பன்னெண்டு பாட்டில் சும்மா குடுத்துட்டுப் போச்சு. கழுவற தொட்டிக்கு அடியிலதான் இருக்கு. இந்தக் கதவுக் கீலு கீச்சு கீச்சுன்னு கத்துச்சு, ரெண்டு சொட்டு விட்டேன், நின்னு போச்சு. கீலுல முடி இன்னும் மொளைக்கல.

என் போன்ல அந்த ஃபோட்டோ இருந்துச்சு. மொதல்ல எடுத்தது, தோள்ல கையோட. ஒரே அச்சு, ஒண்ணுல முடி இல்ல, ஒண்ணுல இருக்கு. கடவுளாப் பாத்து அனுப்பின மாதிரி. நடுவுல வெட்டி ரெண்டா அனுப்பிட்டேன். எங்க பார்லர் வாடிக்கையாளர்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன். யாரு இதெல்லாம் பாக்கப் போறாங்கன்னு நெனச்சேன். நான் எந்த விளம்பரத்த முழுசாப் பாத்திருக்கேன்? சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கறதும்பாங்களே, அது இதுதான்.

இதுல என் வயிறு எரியறது எங்க தெரியுமாக்கா? பார்லர் பேரை அவனுங்க போடவே இல்ல. நானும் நாலு மாசமா ஓரம் ஓரமாத் தேடறேன். போட்டிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன், அது வேற. இருந்தாலும் பேச்சுன்னா பேச்சு இல்ல?

கம்பெனிக்குப் புகார் எழுதணும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணினாங்க. இவரு கையெழுத்து கோழி கிண்டின மாதிரி, கொழுந்தனுக்கு விசில் ஊதத்தான் வரும். அண்ணி போன்ல நல்லா அடிப்பாங்கன்னு என்கிட்ட குடுத்துட்டாங்க. பத்தே நாள்ல பதில் வந்துச்சு, என் போனுக்கே. ‘படம் உங்கள் அழகு நிலையத்திலிருந்தே பெறப்பட்டது, உங்கள் கையொப்பம் இணைக்கப்பட்டுள்ளது’ன்னு. தொட்டிகிட்ட நின்னு படிச்சேன். அழிச்சுட்டேன்.

சொல்லிரலாம்னுதான் நெனச்சேன்க்கா, சத்தியமா. அன்னைக்கு சாயந்தரம் வாயத் தொறந்துட்டேன். அப்ப பாத்தா கொழுந்தன் இவரு தலைய கண்ணாடியில காட்டி, ‘அண்ணா, நம்ம அப்பாவுக்கும் இதே எடத்துலதான் மொதல்ல கொட்டுச்சு, எனக்கும் ஆரம்பிச்சிருச்சு பாரு’ன்னு குனிஞ்சு உச்சியக் காட்டறாரு. இவரு விரலால தடவிப் பாத்துட்டு, ‘ரெண்டு வருஷம் தாங்கும்’ங்கறாரு. டாக்டர் மாதிரி. அதப் பாத்துட்டு நான் எப்படிச் சொல்ல? பதில் இன்னும் வரலன்னுட்டேன். பதில் வந்துட்டா இவங்க எதுக்குத் தெனம் இங்க ஒக்காந்து பேசணும்? அவங்கவங்க போனை எடுத்துக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவாங்க.

அதனால பதில் வர்றதே இல்ல. கம்பெனிக்காரனுக்குத் திமிருன்னு இவரு சொல்லுவாரு, மனசாட்சியே இல்லன்னு கொழுந்தன் சொல்லுவாரு, மறுபடி காட்டமா ஒண்ணு எழுதச் சொல்லுவாங்க. நேத்து எழுதினது மூணாவது. ‘அந்தப் படத்தை அனுப்பிய நபர் ஈவு இரக்கமற்றவர், குடும்பம் என்றால் என்னவென்று அறியாதவர், நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.’ நானே எழுதினேன், ஒரு எழுத்துப்பிழை இல்லாம. வாசிச்சுக் காட்டினேன்.

இவரு கண்ண மூடிக் கேட்டுட்டு, ‘அருமையா எழுதியிருக்க’ன்னாரு. வாக்கப்பட்டு வந்த இத்தன வருஷத்துல அந்த மனுஷன் வாயத் தொறந்து என்னப் பாராட்டினது அது ஒண்ணுதான்க்கா.